பதின்மூன்றாவது மணி நேரத்துக்கு எங்கே போவது?

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஆள் போடுகிற, ஆளை மாற்றுகிற, மெமோ அனுப்புகிற அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். குமுளி மலைக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள். பதினேழு வருஷமாக அரசுப் பணியில் இருக்கிறேன், அதில் பதினோரு வருஷம் பச்சிளங்குழந்தைப் பிரிவில். மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்திருக்கிறேன், ஒன்றின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற நாலு பேருக்கு மெமோ போகும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள், நான் சொல்ல வந்தது அப்படியே கிடக்கும்.

விஷயம் இதுதான். எங்கள் வார்டில் குழந்தைகளுக்குக் கிருமி பரவும்போதெல்லாம் மேலிருந்து வருகிற முதல் கேள்வி, "சிஸ்டருங்க ஒழுங்கா கை கழுவுறாங்களா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு வார்மரில் (குழந்தையைச் சூடாக வைத்திருக்கிற படுக்கை) இருக்கிற கிருமி அடுத்த வார்மருக்குத் தானாக நடந்து போவதில்லை, பெரும்பாலும் எங்கள் கையில் ஏறித்தான் போகிறது. அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அடுத்து வர வேண்டிய இன்னொரு கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை: "கழுவ நேரம் இருந்துச்சா?"

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி, அடைமழை. கூடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவள், மலையேறும்போதே இடுப்புவலி கண்டு, ஜீப்பைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். 31 வாரத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை, 1,350 கிராம். எல்லையோரத்தில் வேலை பார்க்கிற சிஸ்டர் யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு பெண்ணைச் சொல்வார்கள். மேலே கேரளத்தில் கூலிக்குப் போய்க் கீழே தமிழ்நாட்டில் பிள்ளை பெறுகிறவர்கள், வண்டிப்பெரியாறு தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு இறங்கி வந்தவர்கள் என்று எங்கள் வார்டு எப்போதும் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாகத்தான் இருக்கும்.

முதல் ஐந்து நாள் பையன் நன்றாக இருந்தான். ஆக்சிஜனை நிறுத்தியாச்சு, வயிற்றுக்குப் போகிற டியூப் வழியாகத் தாய்ப்பால் பத்து மில்லி வரை போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிப் பாலுக்கு முன்னால் சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பார்த்தேன், பச்சையாக வந்தது. செரிக்காத பால் வெள்ளையாக வந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், பச்சையைப் பார்த்தால் நமக்கே வயிற்றைக் கலக்கும். பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது, வார்மர் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தோல் பளிங்குத் தரை மாதிரி திட்டுத் திட்டாக மாறியிருந்தது. நெஞ்செலும்பு மேல் விரலை அழுத்தி எடுத்தால் மூன்று நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், நாலு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கிருமி ஏறினால் பெரியவர்களைப் போலக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதில்லை, உடம்பு குளிர்ந்து போகும், நடுவில் நடுவில் மூச்சு விட மறந்துபோகும், மானிட்டர் கத்துவதற்கு முன்னாலேயே "இந்தப் பிள்ளை நேத்து மாதிரி இல்லையே" என்று கூட இருந்து பார்த்தவளுக்குத் தோன்றிவிடும்.

ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்தது. ஒன்பதாம் நாள் பையன் போய்விட்டான். அதற்குள் பக்கத்து வார்மரிலும் அதற்கடுத்த வார்மரிலும் அதே கிருமி. அந்த இரண்டு பிள்ளைகளும் மூன்று வாரம் ஆன்டிபயாடிக் ஓடி, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடுகிற சின்னக் குழாய்) குத்த நரம்பு மிச்சமில்லாமல் ஆகி, பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

பையன் போன மறுநாள் அந்தப் பெண் வராண்டாவில் என்னை நிறுத்தி, "சிஸ்டர், பால் கட்டிக்கிருச்சு, என்ன பண்ண?" என்று கேட்டாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, வலிக்கிறது, அதற்கு வழி கேட்கிறாள், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

மூன்று நாள் கழித்து மெமோ வந்தது. கை சுகாதார நடைமுறைகளைக் கடைப்பிடிக்காததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அந்த இரவு என் பொறுப்பில் 12 குழந்தைகள். கூட இருக்க வேண்டியவர்களில் ஒருத்தர் பிரசவ விடுப்பில் போய் ஆறு மாசமாகியும் மாற்று ஆள் வரவில்லை, இன்னொருத்தரை அன்று பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ட்யூட்டி ராத்திரி ஏழரை முதல் காலை ஏழரை வரை, பன்னிரண்டு மணி நேரம். இரண்டு மணிக்கொரு தடவை பால் என்றால் ஓர் இரவுக்கு ஒரு குழந்தைக்கு ஆறு தடவை, 12 குழந்தைக்கு 72 தடவை. ஒரு தடவை பால் கொடுப்பது என்றால் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, வயிற்றில் முந்தின பால் மிச்சமிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, பெயர்ச்சீட்டைச் சரிபார்த்து அம்மாவின் பாலை அளந்து, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து அது தானாக மெதுவாக இறங்கும்வரை நின்று, ஈரத்துணியை மாற்றி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற சாச்சுரேஷன் வயரைக் காலில் மாற்றிக் கட்டி, ஷீட்டில் எழுதி முடிப்பது. பத்து நிமிஷத்துக்குக் குறைந்து செய்தால் அது அவசர வேலை, பால் மூச்சுக்குழலுக்குள் ஏறும் அபாயம் உண்டு. 72 தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம், 720 நிமிஷம். பன்னிரண்டு மணி நேரம் அதிலேயே முடிந்தது.

இப்போது கை. குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்ட பிறகு ஒரு தடவை, அதுவும் மிகக் குறைந்த கணக்கு. 72 தடவைக்கு 144. உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கிற ஸ்பிரிட் மருந்து) போட்டுத் தேய்த்துக் காய விட 20 முதல் 30 நொடி, சோப்புத் தண்ணீரில் கழுவினால் 40 முதல் 60 நொடி. நடுவாக 25 நொடி வைத்தாலும் 144 தடவைக்கு 3,600 நொடி. சரியாக ஒரு மணி நேரம்.

பன்னிரண்டு மணி நேர இரவில் அந்தப் பதின்மூன்றாவது மணி நேரத்துக்கு நான் எங்கே போவது?

எல்லாக் குழந்தைக்கும் இரண்டு மணிக்கொரு பால் கிடையாது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். சிலது குளுக்கோஸில் இருக்கும், சிலது அம்மாவிடமே குடிக்கும். ஆனால் குளுக்கோஸில் இருக்கிற குழந்தைதான் இன்னும் மோசமான நிலையில் இருக்கும், அதற்கு ஊசி மருந்து, சக்‌ஷன், சுகர் டெஸ்ட், மூச்சுக்குக் காற்றழுத்தம் கொடுக்கிற சி-பாப் குழாய் மூக்கில் அழுத்திப் புண்ணாக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வரும். நடுவில் ஒரு புது அட்மிஷன் வந்தால் ஒன்றரை மணி நேரம் போச்சு. ஒரு குழந்தை மூச்சை நிறுத்தினால் எந்தக் கையோடு இருக்கிறேனோ அந்தக் கையோடு ஓடுவேன். ஓடித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஹேண்ட் ரப் பாட்டிலைத் தேடுகிற சிஸ்டரை எனக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது.

இது நான் மட்டும் சொல்கிற சாக்கு இல்லை. ஜெனீவாவில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற டாக்டரும் அவருடைய குழுவும் கை சுத்தம் செய்ய வேண்டிய 2,834 சந்தர்ப்பங்களைக் கூட நின்று கவனித்து 1999இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கக் கை சுகாதாரத்துக்காகப் பேசுகிற மனிதர் அவர். அவ்வளவு வசதியுள்ள ஊரில், அவ்வளவு நல்ல ஆஸ்பத்திரியில், செய்ய வேண்டிய தடவைகளில் 48 சதவீதம்தான் செய்தார்கள். எங்கே குறைந்தது தெரியுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில், அதுவும் வேலை நெருக்கடி கூடக் கூட. கை கழுவ வேண்டிய தேவை எங்கே அதிகமோ அங்கேதான் கழுவுவது குறைந்தது. அதே ஊரில் 1996 டிசம்பர் முதல் 1997 ஜனவரி வரை பச்சிளங்குழந்தைப் பிரிவில் என்டிரோபாக்டர் கிருமி பரவியபோது அதை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஆள் பற்றாக்குறை, அளவுக்கு மீறிய கூட்டம், சுகாதாரக் குறைவு என்று மூன்றையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எங்கள் தலையில் வைப்பது நியாயமா?

நம் நாட்டு விதியும் ஒன்றும் குறைச்சலாகச் சொல்லவில்லை. மத்திய சுகாதாரத் துறை 2011இல் கொண்டுவந்த பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டியில் மாவட்ட அளவு எஸ்.என்.சி.யூ.வில் (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு) குறைந்தது 12 படுக்கை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று நான்கு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்றுதான் இருக்கிறது. அந்த விதிப்படி அன்றிரவு அங்கே மூன்று பேர் இருந்திருக்க வேண்டும். ஒருத்திக்கு நாலு குழந்தை என்று வைத்துக்கொண்டு மேலே போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: பாலுக்கு நாலு மணி நேரம், கைக்கு இருபது நிமிஷம், மிச்சம் ஏழரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். அதில் ஊசியும் போடலாம், புது அட்மிஷனும் எடுக்கலாம், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

கிருமி வந்த பிறகு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற காலமும் போய்விட்டது. டெல்லியில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. செப்சிஸ், அதாவது கிருமி ஏறி உடம்பு முழுக்கப் பாதிப்பு, வந்த குழந்தைகளின் ரத்தத்தில் அதிகம் வளர்ந்தவை அசினெடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அந்த அசினெடோபாக்டரில் பத்தில் எட்டு, பல மருந்துகளுக்கு அடங்காதவை. நாங்களும் பார்க்கிறோம், கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால் ஒவ்வொரு மருந்துக்கு நேராகவும் 'ஆர்', 'ஆர்', 'ஆர்' (மருந்து கேட்காது) என்று இறங்கிக்கொண்டே போகும், கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்துக்கு மட்டும் 'எஸ்' (கேட்கும்) இருக்கிறதா என்று டாக்டர் விரலை வைத்துத் தேடுவார்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலில் நேர்மை இருக்காது. நேரம் இருந்தாலும் செய்யாத சிஸ்டர்கள் இருக்கிறார்கள். கிளவுஸ் போட்டுவிட்டால் கை சுத்தம் என்று நினைத்து அதே கிளவுஸோடு மூன்று வார்மர் போகிறவர்களை நானே பிடித்துத் திட்டியிருக்கிறேன். வளையல், வாட்ச், மோதிரம் எல்லாம் முழங்கைக்குக் கீழே இருக்கக் கூடாது என்றால் "கல்யாண வளையல், கழட்டக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க" என்று நிற்கிற புதுப்பெண்கள் உண்டு, அவர்களிடம் பொறுமையாகப் பேசித்தான் கழற்ற வைக்க வேண்டும். ரவுண்ட்ஸில் ஒரே ஸ்டெதாஸ்கோப்பை எட்டுக் குழந்தையின் நெஞ்சில் வைக்கிற டாக்டர்களும் உண்டு, அவர்களுக்கு மெமோ போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று நானே செய்தது. என் ஆரம்ப வருஷங்களில் வென்ஃப்ளான் அடைக்காமல் இருக்க ஃப்ளஷ் பண்ண ஒரே ஒரு நார்மல் சலைன் பாட்டிலை எடுத்து, ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டு, அதிலிருந்தே எல்லாக் குழந்தைக்கும் இழுத்துக்கொள்வோம். எனக்கு மூத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். அந்த ஊசி வழியாக ஒரே ஒரு தடவை கிருமி உள்ளே போனால் போதும், அறை வெப்பத்தில் அது பெருகி, அடுத்த நாள் முழுக்க நாம் ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்துக்குள்ளும் நேராக அதை ஏற்றிக்கொண்டிருப்போம், கையை எத்தனை தடவை கழுவினாலும் பிரயோஜனமில்லை. இது எனக்குப் புரிந்தது நர்சிங் ஸ்கூலில் இல்லை. காஞ்சிரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த ஒரு சேச்சி முதல் நாளே அந்தப் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "மோளே, ஓரோ குஞ்ஞினும் ஓரோ சின்ன ஆம்ப்யூல், இல்லாட்டி ஃப்ளஷ் வேண்டா" என்றார். பிள்ளைக்கு ஒன்றாகச் சின்ன ஆம்ப்யூல் (ஒரே தடவை உபயோகிக்கிற குப்பி) வேண்டும் என்று நாங்கள் ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிப் போட்டோம். பெரிய பாட்டில் ஸ்டாக் இருக்கும்போது சின்னது எதற்கு என்று ஸ்டோரிலிருந்து திரும்பி வந்தது. நாலாவது தடவைதான் கிடைத்தது. அந்த நாலு தடவைக்கும் இடையில் எத்தனை மாசம் என்று நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் தூக்கம் வந்திருக்காது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முல்லைப் பெரியாறு பாய்கிற ஊர், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மொட்டைமாடித் தொட்டியை எப்போது கழுவினார்கள், சிங்க் குழாய் வாயில் என்ன படிந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 2012 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சூடோமோனாஸ் என்ற கிருமி பரவிக் குழந்தைகள் இறந்தபோது, விசாரணையில் அது சிங்க் குழாய்களிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். கை கழுவுகிற இடமே கிருமி இருக்கிற இடமாகிவிட்டது. அந்தக் குழாயில் கழுவிய கையோடு போன செவிலியரை என்ன குற்றம் சொல்வது? எங்களிடம் முழங்கையால் திறக்கிற குழாய் ஒன்று இருந்தது, பிடி உடைந்து, விரலால் திருகித் திறந்து விரலால் மூடினோம், அதாவது கழுவிய கையால் மறுபடி அழுக்குப் பிடியைத் தொட்டோம். பரிசோதனைக் குழு வருகிறது என்றதும் சுவருக்குப் பெயின்ட் வந்தது, கார்ட்டூன் படம் வந்தது, குழாய்ப் பிடி வரவில்லை. 2015இல் சுத்தமான அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிற காயகல்ப் விருதுத் திட்டம் வந்த பிறகு ஆஸ்பத்திரிகள் நிஜமாகவே சுத்தமாகியிருக்கின்றன, அதை நான் மனதாரச் சொல்வேன். ஆனால் மார்க் போட வருகிறவர்கள் பகலில் வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று ட்யூட்டி ரிஜிஸ்டரைப் புரட்டினால் எங்கள் வார்டின் மார்க் வேறு மாதிரி இருக்கும்.

ஹேண்ட் ரப் ஒவ்வொரு வார்மரிலும் தொங்க வேண்டும், தீர்ந்த பாட்டிலை அன்றே மாற்ற வேண்டும், ஆக்சிஜன் ஹ்யூமிடிஃபயரில் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, குழந்தைக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், சுற்றறிக்கையாகவே அனுப்பியிருக்கிறீர்கள், சாமானையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே சிஸ்டர்களின் கையையும் பாருங்கள். மலிவு ஹேண்ட் ரப்பில் கிளிசரின் சரியாக இல்லாமல் புறங்கை வெடித்துக் கிடக்கும், வெடித்த இடத்தில் ஸ்பிரிட் பட்டால் உயிர் போகும், வலிக்கிற கையை நூற்று நாற்பது தடவை தேய் என்றால் எப்படித் தேய்ப்பார்கள்?

இப்போது அம்மாக்களுக்கு வருகிறேன், இந்த மடலில் எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இது.

எங்கள் வார்டுக் கதவுக்கு வெளியே எப்போதும் பத்துப் பதினைந்து பெண்கள் இருப்பார்கள். பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்து, தையல் வலியோடு, காதில் பஞ்சு வைத்து, இரண்டு மணிக்கொரு தடவை கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி ஜன்னல் வழியாக நீட்டுகிறவர்கள். உள்ளே நான் ஒருத்தி பன்னிரண்டு குழந்தைக்கு அந்தப் பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். "அம்மாக்களை உள்ளே விட்டால் கிருமி வரும்" என்று நாம் இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மாவின் கை ஒரே ஒரு குழந்தையைத்தான் தொடும். அவள் வார்மர் வார்மராகப் போவதில்லை. அவள் தோலில் இருக்கிற கிருமி பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்தது, மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமி இல்லை, அதற்கு எதிரான சக்தியும் அவள் பாலிலேயே குழந்தைக்குப் போகிறது. பன்னிரண்டு குழந்தையைத் தொடுகிற என் கைதான் அவள் கையைவிட ஆபத்தானது.

இன்குபேட்டர் போதாமல் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஆரம்பித்த கங்காரு பராமரிப்பு, அதாவது பிள்ளையை அம்மாவின் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வது, வசதி இல்லாதவர்களின் மாற்று வழி என்றே ரொம்ப நாள் நினைத்தோம். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பரிசோதனை 2021இல் வெளிவந்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே அம்மாவின் நெஞ்சில் போட்டார்கள், அம்மாவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் கொடுத்தார்கள். முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 சதவீதம்; வழக்கமான முறையில் 15.7 சதவீதம். செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எங்கள் பையனின் 1,350 கிராமும் அந்த எடைக்குள்தான் வரும்.

பாலாடையில் பிள்ளைக்குப் பால் புகட்டிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். பாட்டிமார் பித்தளையிலும் வெள்ளியிலும் வைத்திருந்த அதே பாலாடை ஸ்டீலில் எங்கள் வார்டில் இருக்கிறது, வேக வைத்து எடுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக. அதைப் பிடிக்க அம்மாக்களுக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தால் போதும், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து டியூபில் பால் இறக்கவும் கற்றுக்கொள்வார்கள், நான் பக்கத்தில் நின்றால் சரி. ஏலத்தோட்டத்தில் பழுத்த காயைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கிற கைகள் அவை, நிதானம் சொல்லித்தர வேண்டியதில்லை. கை கழுவச் சொன்னால் எங்களைவிட நன்றாகக் கழுவுவார்கள். ஒரு தடவை ஒரு பாட்டி, பேத்தியைத் தொடப்போன டாக்டரை நிறுத்தி, "ஐயா, மருந்து தேய்ச்சுக்கிட்டீகளா?" என்று கேட்டதைப் பார்த்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்த் தேய்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டி மாதிரி வார்மருக்கு ஒருத்தர் இருந்தால் எங்களுக்கு எவ்வளவு தைரியம்.

ஆனால் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாக்கள் உள்ளே வந்துவிட்டார்கள், இனி ஒரு சிஸ்டர் போதும் என்று யாராவது குறிப்பு எழுதினால் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. சிசேரியன் ஆன பெண்ணை சம்பளமில்லாத நர்ஸாக ஆக்குவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. அவளுக்குக் கட்டில் வேண்டும், சாப்பாடு வேண்டும், கழிப்பறை பக்கத்தில் வேண்டும், அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும், அப்போதுதான் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, ஜனங்கள் கேரளத்து ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். குழந்தை கொஞ்சம் சுணங்கினாலும் "கோட்டயம் கொண்டுபோயிருக்கலாமோ" என்று வராண்டாவில் பேச்சு எழும். 2020ஆம் வருஷக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நாடு முழுக்க 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. நாம் நாட்டுக் கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டோம், அதில் எங்கள் இரவுகளும் இருக்கின்றன என்று எனக்குப் பெருமை உண்டு. அந்த 13ஐ 6 ஆக்குவதற்கான இடம் இனி பெரும்பாலும் பிறந்த முதல் நாலு வாரத்தில்தான் இருக்கிறது, அந்த நாலு வாரத்தை இந்தப் பிள்ளைகள் எங்கள் வார்மரில்தான் கழிக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது: இரவு ஷிஃப்டில் நாலு குழந்தைக்கு ஒருத்தர் என்ற கணக்கை எழுத்தில் உறுதி செய்யுங்கள், எஸ்.என்.சி.யூ. பயிற்சி எடுத்தவர்களை வேறு வார்டுக்கு இழுக்காதீர்கள். ஒரு பெண்ணைப் பழக்கி, குழந்தையின் நிறத்தைப் பார்த்தே சொல்கிற அளவுக்குக் கொண்டுவர ஒரு வருஷம் ஆகிறது, அடுத்த வாரமே அவளைக் கண் வார்டுக்கு மாற்றிவிடுகிறீர்கள். தொகுப்பூதியத்தில் இருக்கிற சிஸ்டர்களை நிரந்தரம் ஆக்குங்கள், நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்கள் ஸ்டோரிலும் டாக்டரிடமும் சண்டை போட மாட்டார்கள், இந்த வார்டில் சண்டை போடத் தெரிந்த சிஸ்டர்கள் வேண்டும். கிருமித் தடுப்புக்கென்று ஒரு செவிலியரைக் கூடுதல் பொறுப்பாக இல்லாமல் அதற்கென்றே போடுங்கள். அம்மாவுக்கு உள்ளே கட்டில் போடுங்கள். அடுத்த தடவை கிருமி பரவினால் விசாரணையில் முதல் தாளாக அந்த வார ட்யூட்டி ரிஜிஸ்டரை வையுங்கள், மெமோவை அதற்கப்புறம் எழுதலாம், தப்பு எங்களுடையதாக இருந்தால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இன்று ராத்திரி எனக்கு ட்யூட்டி. மதியம் போன் போட்டுக் கேட்டேன், பதினொரு குழந்தைகள், மலை மேலேயிருந்து இரட்டைப் பிள்ளைகளோடு ஓர் ஆம்புலன்ஸ் வருவதாகச் சொன்னார்கள். உங்களில் யாருக்காவது முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வாருங்கள். மெயின் கேட்டில் வாட்ச்மேன் இருப்பார், வார்டுக் கதவு உள்ளே பூட்டியிருக்கும், பெல்லை அடித்துவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். கையில் இருக்கிற பிள்ளையின் பால் இறங்கி முடிந்த பிறகுதான் வந்து திறப்பேன், திறந்ததும் மறுபடி கை கழுவப் போய்விடுவேன், அதுவரை எதையும் தொடாமல் இருங்கள்.

இப்படிக்கு,
எல்லையோரத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி